டோக்கன் தொலைத்தவர்களின் செருப்பு

"ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணா எழுதிக் கொண்டாங்க. எது நல்லா இருக்கோ அத அனுப்புவோம்" என்று நேசையா அண்ணாச்சி சொன்னபோது குமரவேலுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"என்ன அண்ணாச்சி, புருஷன் பெண்டாட்டிக்குள்ள போட்டி வைக்கீங்க?"

"வீட்டுலயாவே வைக்கேன்? ஆபீஸ்லல்லா வைக்கேன். வீட்டுக்குப் போயி சமாதானமா இருந்துக்கிடுங்க."

விஜயஸ்ரீ சிரிக்கவில்லை. நோட்டில் எதையோ கோடு போட்டுக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே "எத்தனை நாள் அண்ணாச்சி?" என்று கேட்டாள். அப்போதே குமரவேல் சுதாரித்திருக்க வேண்டும்.

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் நேசையாவின் சொந்த வீடு. கீழே குடும்பம், மாடியில் கம்பெனி. நாலு கம்ப்யூட்டர், ஆறு நாற்காலி, கரண்டு போனால் அரை மணி நேரம் தாங்குகிற ஒரு பேட்டரி. அங்கே ஐந்து வருஷமாகக் குமரவேல்தான் பெரிய ஆள். சேரன்மகாதேவிக்காரன், முப்பத்திமூன்று வயது. எம்.சி.ஏ. படித்த ஆழ்வார்குறிச்சிப் பெண்ணைக் கட்டினான். கட்டி ஆறு மாதத்தில் அண்ணாச்சி, "வீட்டுல சும்மாதான இருக்கு பிள்ள, கூட்டிட்டு வாரும்வே" என்று சொல்லப்போய் இவனேதான் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்தான். அது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

இப்போது வந்திருப்பது பெரிய வேலை. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் தை மாசம், பெங்களூர்க் கம்பெனி ஒன்று கொடுத்தது. கம்ப்யூட்டருக்குள் செருகுகிற ஒரு கார்டு. திரையில் படம் வரைகிறதெல்லாம் அதுதான். அதற்கென்று தனியாக எட்டு மெகாபைட் மெமரி உண்டு. திரையில் நாலு ஜன்னல் திறந்தால், நாலு புரோகிராமும் அந்த எட்டுக்குள் எனக்கு இடம் தா, எனக்கு இடம் தா என்று வந்து நிற்கும். யாருக்கு எவ்வளவு, எப்படிக் கேட்க வேண்டும், எப்படித் திருப்பித் தர வேண்டும் என்கிற ஒழுங்கைக் கம்ப்யூட்டரின் அடிவயிற்றில், கெர்னல் என்கிற இடத்தில், கார்டை ஓட்டுகிற டிரைவர் என்கிற புரோகிராமாக எழுதி வைக்க வேண்டும். கேட்கிற முறை ஒருதரம் தப்பாக அமைந்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. ஆயிரம் பேர் அதை நம்பிப் புரோகிராம் எழுதியிருப்பார்கள்.

இதில் குமரவேலுக்கு ருசி தட்டிய விஷயம் வேறு. இது லினக்ஸ் வேலை. எழுதினதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ஃபைலின் தலைமாட்டில் எழுதினவன் பெயர் இருக்கும். குமரவேலின் பெயர் அதுவரைக்கும் அச்சில் வந்தது ஒரே இடத்தில்தான், அவன் கல்யாணப் பத்திரிகையில். அதிலும் அவன் அப்பா பெயர்தான் பெரிய எழுத்து.

இரண்டே நாளில் அவன் முடித்துவிட்டான். அவனுடைய வழி நேர் வழி. புரோகிராம் வந்து கேட்டால் காலியிடத்தின் விலாசத்தைக் கையில் கொடுத்துவிடு. நேரே போய் எழுதிக்கொள்ளட்டும்.

ஃபைலின் முதல் வரியில் வழக்கம்போல 2 என்று போட்டான். அது அவன் பழக்கம். பள்ளிக்கூடத்துச் சிலேட்டிலிருந்து பிள்ளையார் சுழி போடாமல் எதையும் எழுதினதில்லை. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வராது. இங்கிலீஷ் 2 பார்க்கக் கிட்டத்தட்டச் சுழி மாதிரியே இருப்பதால் அதைப் போடுவான். அடுத்த வரியில் தேதி. அதற்குப் பிறகுதான் வேலை. ஒருதரம் பெங்களூர்க்காரன் ஒருவன், "இரண்டாம் பக்கம் வந்துவிட்டது, முதல் பக்கம் எங்கே?" என்று கேட்டு எழுதியதை ஆபீசில் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார்கள்.

"நான் முடிச்சாச்சு. நீ எங்கன நிக்க?" என்று பெண்டாட்டியைக் கேட்டான்.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"சவத்த விடு. வேணும்னா என்னோடத வாங்கி ஒரு பார்வை பாத்துக்கோ. ரெண்டு பேரு பேரையும் போட்டுக்கிடுவோம்."

"இல்லங்க. யோசிக்கட்டும்."

அன்றைக்குத் தை வெள்ளி. டவுனுக்குப் போய்க் காந்திமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினார்கள். அம்மன் சன்னதி வாசலில் செருப்புக் காவலுக்குக் காசிலிங்கம் என்று ஒருவர். செருப்பைக் கழற்றிக் கொடுத்தால் ஒரு தகர வில்லையைச் செருப்பில் கோத்துவிட்டு, அதே நம்பர் போட்ட இன்னொரு வில்லையை நம் கையில் தருவார். அந்த வில்லைக்குத்தான் டோக்கன் என்று பேர்.

கும்பிட்டு முடித்துத் திரும்பினால் ஒரே கூட்டம். குமரவேல் கையில் டோக்கனை வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, அந்தா கீழ வரிசையிலதான வச்சீரு? நான் பாத்தேன்லா! எடும், வெரசா."

"அது அப்பம். கூட்டம் வந்துட்டுல்லா? பழைய செருப்பையெல்லாம் பொறத்தால தள்ளிட்டேன். எங்கன இருந்தா உமக்கு என்னவே? நம்பரச் சொல்லும், செருப்பு வரும்."

"என்ன ஆளய்யா நீரு, வச்ச இடத்துல வைக்காம..."

பக்கத்தில் விஜயஸ்ரீ அசையாமல் நின்றாள். பிறகு பைய, "திரும்பச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள்.

காசிலிங்கத்துக்குப் பயம் வந்துவிட்டது. "கோவிச்சுக்கிடாதீங்கம்மா, இந்தா எடுத்துத் தாரேன்."

"கோவிக்கலண்ணாச்சி. எங்கன இருந்தா என்னன்னு சொன்னீங்கள்ல, அதத்தான் கேட்டேன்."

மீனாட்சிபுரத்து வீட்டில் இறங்கியதும், "இன்னைக்குத் தோசைக்குப் பொடி தொட்டுக்கிடுங்க, எனக்கு எழுதணும்" என்று நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து அண்ணாச்சி முன்னால் அவள் விளக்கினாள்.

"விலாசத்தக் குடுக்கக் கூடாது அண்ணாச்சி. குடுத்துட்டா அந்தச் சாமான அப்புறம் நகத்த முடியாது. நடுநடுவுல காலியாகுற துண்டு இடம் எல்லாம் வீணாப் போகும். மொத்தமாப் பாத்தா மூணு மெகாபைட் காலியாக் கிடக்கும், ஆனா ரெண்டு மெகாபைட்டு ஆள் ஒருத்தன் வந்தா உக்கார இடம் இருக்காது."

"அப்பம் என்னதான் குடுக்க?"

"டோக்கன். வெறும் நம்பரு. சாமான் எங்கன இருக்குன்னு டிரைவருக்கு மட்டும்தான் தெரியும். கூட்டம் வந்தா பொறத்தால தள்ளுவான். கார்டுல இடமே இல்லன்னா வெளியே, கம்ப்யூட்டரோட மெமரியில கொண்டு வைப்பான். நம்பரக் காட்டினா எடுத்துக் குடுப்பான். கேக்குறவனுக்கு அது போதும்லா?"

நேசையா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். "ஏம்மா, இது உனக்கு எங்கருந்து வந்துச்சு?"

"கோயில்ல. செருப்பு வைக்கிற இடத்துல."

"கர்த்தரே!" என்று அண்ணாச்சி மேஜையைத் தட்டினார். "முப்பது வருஷமா அந்த வாசல் வழியாப் போறேன், வாரேன். எனக்குத் தோணலியே!"

குமரவேல் பக்கத்து நாற்காலியில் இருந்தான். அவனும் சிரித்துத் தலையை ஆட்டத்தான் செய்தான். உள்ளே என்னமோ நெருஞ்சி முள் மாதிரி ஏறியது. அங்கே நானும்தானே நின்றேன். காசிலிங்கம் சொன்னது என்னிடம்தானே. அவள் காதில் விழுந்தது என் காதில் ஏன் விழவில்லை?

அன்றையிலிருந்து வீட்டில் எல்லாவற்றிலும் குற்றம் இருந்தது. குழம்பில் உப்பு கூடிவிட்டது. சட்டையில் தேய்த்த மடிப்பு இரண்டாக விழுந்துவிட்டது. அவள் அடுப்படியில் வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தால்கூட, "என்ன பாட்டு பெலமா இருக்கு?" என்று கேட்டான். போதாக்குறைக்குச் சேரன்மகாதேவியிலிருந்து அவன் அம்மா பார்வதியம்மாள் போன் போட்டாள்.

"ஏலே, ஒம் பெண்டாட்டி எழுதுனத பெங்களூர்ல எடுத்துக்கிட்டாங்களாமே? சம்பந்தி சொன்னா."

"இன்னும் எடுக்கலம்மா. ரெண்டும் போகுது. என்னோடதும் இருக்கு."

"உன்னோடதும் இருக்கா? சந்தோஷம், சந்தோஷம்."

அந்த இரண்டாவது சந்தோஷத்தில் அவன் போனை வைத்துவிட்டான்.

"என்ன சொன்னாங்க அத்தை?" என்று கேட்டுக்கொண்டு விஜயஸ்ரீ வந்தாள்.

"ஊரெல்லாம் தண்டோரா போடுதியோ?"

"நான் யார்ட்டச் சொன்னேன்? எங்க அம்மாட்டச் சொன்னேன். சொல்லக் கூடாதா?"

"சொல்லு, சொல்லு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. அன்னைக்கு அந்த டோக்கன் என் கையிலதான் இருந்துச்சு. உன் கையில இல்ல."

அவள் அவனையே பார்த்தாள். வேடிக்கைக்குச் சொல்கிறானா, நிஜமாகச் சொல்கிறானா என்று தெரியாத பார்வை. பிறகு, "சரி, உங்க கையிலதான் இருந்துச்சு. இப்பம் கைய அலம்பிட்டு வாங்க, சோறு ஆறுது" என்றாள்.

தையில் கடைசி வெள்ளி வந்தது. புதன்கிழமை பெங்களூரிலிருந்து ஆள் வந்து இரண்டையும் சோதித்துப் பார்க்கப் போகிறார். விஜயஸ்ரீக்கு ஆபீசில் வேலை முடியவில்லை. "நீங்க போய்க் கும்பிட்டுட்டு வாங்க. எனக்கும் சேத்து விளக்கு போட்டுருங்க. வரும்போது என்னைக் கூட்டிக்கலாம்" என்றாள்.

அவன் தனியாகப் போனான். அம்மனிடம் என்ன வேண்டிக்கொண்டான் என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. வெளியே வந்து செருப்பு வாங்கும்போது, காசிலிங்கம் யாரையோ வைது தீர்த்துக்கொண்டிருந்தார்.

"யார ஏசுதீரு?"

"யார ஏச? இங்கன வந்து பாரும்." அவர் சாக்குப் படுதாவை விலக்கிக் காட்டினார். மூலையில் ஒரு குவியல். ரப்பர்ச் செருப்பு, தோல் செருப்பு, பிள்ளைகள் செருப்பு, எல்லாவற்றிலும் தகர வில்லை தொங்கியது. "அம்மன் வாசல்ல விட்டுட்டு உள்ள போகுதான். கும்பிட்டுட்டு அந்தப் பக்கம் சாமி சன்னதி வாசல் வழியா வெறுங்காலோட பஸ் ஏறிப் போயிருதான். டோக்கன் அவன் பையில. செருப்பு எந் தலையில. வருவான் வருவான்னு நானும் வச்சுக்கிட்டே இருக்கேன். பாதி இடம் இதுலயே அடைஞ்சு போச்சு. வாரவனுக்கு வைக்க இடம் இல்ல."

குமரவேல் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

டோக்கன் வாங்கின புரோகிராம் பாதியில் செத்துப்போனால்?

செத்தவன் எப்படித் திருப்பிக் கொடுப்பான்? டிரைவர் பாட்டுக்கு அவன் சாமானைக் காத்துக்கொண்டே இருக்கும். எட்டு மெகாபைட்டும் செத்தவர்கள் சாமானால் நிறைந்துவிடும். விஜயஸ்ரீ எழுதினதில் அதற்கு வழி இல்லை. அவன் வரி வரியாகப் படித்திருக்கிறான், இல்லவே இல்லை.

செருப்பைக் காலில் மாட்டினானோ இல்லையோ, ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்தான். ஈரடுக்குப் பாலம் தாண்டியதோ ஆற்றுப் பாலம் தாண்டியதோ அவனுக்கு நினைவில்லை. அதற்குள் தீர்வும் கிடைத்துவிட்டது. ஒரு புரோகிராம் எப்படிச் செத்தாலும், அது திறந்து வைத்த கதவையெல்லாம் கெர்னல் தானே மூடும். மூடும்போது டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லித்தான் மூடும். எந்தக் கதவு வழியாக வந்தவனுக்கு எந்த டோக்கன் கொடுத்தோம் என்று குறித்து வைத்திருந்தால் போதும், கதவு மூடுகிற நொடியில் அவன் சாமான் அத்தனையையும் ஒதுக்கிவிடலாம். நாற்பது வரி. அவ்வளவுதான்.

மாடி ஏறினான். விஜயஸ்ரீயைக் காணோம், கீழே அண்ணாச்சி வீட்டில் போன் பேசுகிறாளாம். உட்கார்ந்து தன்னுடைய இடத்தில் ஒரு புது ஃபைல் திறந்தான். 2 போட்டான். தேதி போட்டான், 12-2-1999. அரை மணி நேரத்தில் நாற்பது வரியும் ஓடியது. அவளுடையதன் நகல் ஒன்றோடு சேர்த்து ஓட்டிப் பார்த்தான். செத்தவன் சாமான் காணாமல் போனது. அவனுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. எத்தனையோ நாள் கழித்து அவனுக்கு அந்தச் சந்தோஷம். ஓடிப்போய், விஜயா, உன்னோடதுல ஒரு ஓட்டை இருந்துச்சு, நான் அடைச்சுட்டேன் பாத்தியா என்று சொல்ல வேண்டும். எழுந்தே விட்டான்.

படியில் அவள் காலடிச் சத்தம் கேட்டது. முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"ஏங்க, யாரு போன்ல தெரியுமா? பீர் மைதீன் சாரு! புதன்கிழமை வாராருல்லா, அவரேதான். டோக்கன் யோசனைய அவங்க ஆபீஸ்ல பலகையில எழுதி எல்லாருக்கும் காட்டினாங்களாம். 'இது யாரு மூளை'ன்னு பெரிய மேனேஜரே கேட்டாராம். என்னைய பெங்களூருக்கு வரச் சொல்லிப் பேச வைக்கப் போறாங்களாம்!"

"என்னோடதப் பத்தி?"

அவள் சிரிப்பு ஒரு இழை குறைந்தது. "அதப் பத்திப் பேச்சு வரலங்க. வந்தா சொல்லுவாங்க."

குமரவேல் திரையை அணைத்தான். "கிளம்பு. நேரமாச்சு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தாள்களையெல்லாம் கூடத்தில் பரப்பிவைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள்.

"இங்கன செத்த வந்து உக்காருங்க. கடைசித் தடவை பாத்துச் சொல்லுங்க. ஏதும் குறை தெரியுதா?"

"நான் என்னத்தப் பாக்க? பெங்களூர்க்காரனே பாத்தாச்சு."

"அவங்க யோசனையத்தான் பாத்தாங்க. வரி வரியாப் பாக்கல. குழம்புல ஒரு கல் உப்பு கூடினாலும் கண்டுபிடிக்கிற ஆளு நீங்க. உங்க கண்ணுக்குத் தப்பாதுன்னுதான் கேக்கேன்."

அவன் தாள்களை எடுத்தான். ஒவ்வொன்றாகப் புரட்டினான். ஓட்டை இருக்கிற பக்கம் வந்தது. அதில் கொஞ்ச நேரம் கண்ணை வைத்திருந்தான். அவள் எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு, பரீட்சைத் தாளை வாத்தியார் திருத்துவதைப் பார்க்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்ட்டி. எத்தனை தரம் சொல்ல?"

"அப்பம் பயமில்ல" என்று அவள் தாள்களை அடுக்கிக் கட்டினாள்.

புதன்கிழமை பீர் மைதீன் வந்தார். மேலப்பாளையத்துக்காரர்தான், நாற்பது வயது, வேலைக்குப் போய்ப் பெங்களூரோடு தங்கிவிட்டவர். வந்ததும் வராததுமாய், "அண்ணாச்சி, நேரம் இல்ல. சாயங்காலம் பஸ்ஸு. எது தேறுதோ அத டிஸ்க்ல போட்டுக் கையோட கொண்டு போகணும். இன்னொரு ஊர்லயும் இதே வேலை நடக்குது. நம்ம ஊர்ப் பிள்ளைக செஞ்சா எனக்குப் பெருமை, அவ்வளவுதான்" என்றார்.

முதலில் குமரவேலினுடையது. ஜன்னல் ஜன்னலாகத் திறந்தார், மூடினார், நடுவில் நாலைத் திறந்தார், இரண்டை மூடினார். பிறகு பெரிசாக ஒன்று கேட்டார். இடம் இல்லை என்றது.

"மூணு மெகாபைட் காலி இருக்குவே. ரெண்டு கேட்டா இல்லங்குது."

"துண்டு துண்டா இருக்கு சார்" என்றான் குமரவேல்.

"தெரியுது. அடுத்ததப் போடும்."

விஜயஸ்ரீயினுடையது அதையெல்லாம் தண்ணீர் குடிப்பதுபோலச் செய்தது. பெரிசைக் கேட்டால் சிறிசையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு இடம் கொடுத்தது. நேசையா, "பாத்தீரா, பாத்தீரா" என்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாருக்கு. இப்பம் அடிச்சுக் கொல்லப் போறேன்" என்றார் பீர் மைதீன். ஓடுகிற புரோகிராமைப் பாதியில் வெட்டினார். மறுபடி திறந்தார், வெட்டினார். திறந்தார், வெட்டினார். ஆறாவது தடவை திரையில் வந்தது: இடம் இல்லை.

கீழே அண்ணாச்சி வீட்டில் குக்கர் விசிலடித்தது.

"எங்கம்மா போச்சு எட்டு மெகாபைட்டும்?"

விஜயஸ்ரீயின் காது சிவந்துவிட்டது. தாள்களைப் புரட்டினாள். "இருங்க சார்... செத்துப் போனவன்... திருப்பித் தர ஆள் இல்ல... ஐயோ, நான் அத யோசிக்கவே இல்லையே."

குமரவேல் இந்த நிமிஷத்தை ஐந்து நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தான். அவள் முகம் வாடுகிறது வரைக்கும் நினைத்தபடியே நடந்தது. ஆனால் அவள் அவன் பக்கம் திரும்பி, "நீங்களும் பாத்தீங்கள்ல? உங்களுக்கும் தப்பிப் போச்சே" என்று, அவனுக்காகவும் வருத்தப்படுகிறவள்போலக் கேட்டதை அவன் நினைத்திருக்கவில்லை.

பீர் மைதீன் எழுந்துவிட்டார். "என்ன செய்ய அண்ணாச்சி? ரெண்டும் தேறல. நான் போய் அப்படியேதான் சொல்லணும்."

"ஒரு வாரம் தாங்க சார்" என்றாள் விஜயஸ்ரீ.

"என் கையில இல்லயே."

குமரவேல் சொன்னான்: "அரை மணி நேரம் தாங்க. நான் சரி பண்ணித் தாரேன்."

எல்லாரும் திரும்பினார்கள். அவன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். வெறுமனே விசையைத் தட்டிக்கொண்டும், நெற்றியைத் தேய்த்துக்கொண்டும், யோசிக்கிறவன்போல கூரையைப் பார்த்துக்கொண்டும் இருபத்தைந்து நிமிஷத்தை ஓட்டினான். பிறகு தன்னுடைய இடத்திலிருந்து அந்த நாற்பது வரி ஃபைலை அப்படியே தூக்கி அவளுடையதன் தலைமாட்டில் சேர்த்தான்.

பீர் மைதீன் வெட்டினார். பத்துத் தடவை, இருபது தடவை வெட்டினார். இடம் இருந்தது.

"அடேயப்பா!" என்று அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "அரை மணி நேரத்துலயாவே எழுதுனீரு?"

"மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு சார்."

"காட்டும், காட்டும், படிப்போம்." எல்லாரும் திரையைச் சுற்றி நின்றார்கள். "அதென்ன உச்சியில ரெண்டு? ஓ, பிள்ளையார் சுழியா! எங்க ஆபீஸ்ல ஒருத்தன் முதல் பக்கம் எங்கன்னு கேட்டானே, அது நீருதானா!"

நேசையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குமரவேலும் சிரித்தான். இந்தத் தலைப்பை எழுதி எழுதி அவன் கண்ணுக்கு அது தெரிகிறதே இல்லை. பீர் மைதீன் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். விஜயஸ்ரீ மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த பக்கம் வந்த பிறகும் அவள் கண் திரையின் மேல்மூலையிலேயே நின்றது.

"சரி, தலைமாட்டுல பேரு போடணும்" என்றார் பீர் மைதீன். "உலகம் பூராக் கேள்வி வரும். பதில் சொல்ல ஒருத்தர் பேருதான் முதல்ல வேணும். யாரு?"

"விஜயஸ்ரீதான். டோக்கன் அது யோசனைல்லா?" என்றார் நேசையா.

"இல்ல அண்ணாச்சி. அவங்க பேரு மட்டும் போதும்."

"ஏம்மா?"

"அன்னைக்கு டோக்கன் அவங்க கையிலதான் இருந்துச்சு."

நேசையாவுக்குப் புரியவில்லை. பணிவு என்று நினைத்து, "நல்ல பிள்ள" என்றார். விஜயஸ்ரீ நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, அவளே தட்டினாள். எழுத்து எழுத்தாகக் குமரவேலின் பெயர் ஏறியது. அதற்கு மேலே 2. கீழே 12-2-1999.

அது போன வெள்ளிக்கிழமைத் தேதி என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கை தானாக விசைப்பலகைக்குப் போனது. "தேதி பழசா இருக்கு. இன்னைக்குத் தேதி போடுவோம்."

அவள் அவன் கையை விலக்கவில்லை. தன் கையையும் எடுக்கவில்லை. அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், "பிள்ளையார் சுழி போட்டு எழுதுனது. மாத்தாதீங்க" என்றாள்.

டிஸ்க் பீர் மைதீனின் பைக்குள் போனது. போகும்போது அண்ணாச்சி முதல் பக்கத்தை மட்டும் தனியாக அச்செடுத்துக் குமரவேலிடம் கொடுத்தார். "கண்ணாடி போட்டு மாட்டும்வே. உம்ம அம்மாட்டக் காட்டும்." அவன் அதைத் தேதி உள்பக்கம் போகிறமாதிரி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் அவள் எப்போதும்போலப் பின்னால் உட்கார்ந்தாள். எப்போதும் அவன் தோளைப் பிடிக்கிற கை அன்றைக்கு ஸ்டெப்னிக் கம்பியைப் பிடித்திருந்தது. வண்ணாரப்பேட்டை தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது அவன் வேகத்தைக் குறைத்தான்.

"விஜயா."

"ம்."

"அன்னைக்கே சொல்லணும்னுதான் எந்திச்சேன். நீ போன் பேசிட்டு வந்தியா, அதுல..."

"வெள்ளிக்கிழமைய விடுங்க. ஞாயித்துக்கிழமை நான் கேட்டேன்லா?"

"கேட்ட."

"என்ன சொன்னீங்க?"

பின்னால் வந்த பஸ் ஒலி எழுப்பிக்கொண்டு கடந்து போனது. அது போய்ச் சத்தம் அடங்குகிற வரைக்கும் அவள் காத்திருந்தாள். அவன் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு."

"அதையேதான் நானும் சொல்லுதேன்" என்றாள் விஜயஸ்ரீ. "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."